காட்டுக் கனியும் வீட்டுச் சாடியும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவர்க்குப் புறநானூற்றின் 177ஆம் பாடலைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். ஆவூர் மூலங்கிழார் மல்லி கிழான் காரியாதியைப் பாடியது அது. கள்ளுண்டு கண் சிவந்த மாந்தர் புளிப்புச் சுவையை நாடிக் களாப்பழத்தையும் துடரிப்பழத்தையும் தின்கின்றனர். அவை தெவிட்டியதும் ஆற்றிடை மணல்மேட்டில் ஏறியிருந்து கரிய நாவற்கனியைக் கொய்து உண்கின்றனர். வேந்தரின் நெடிய மாளிகை வாயிலிற் காத்துக் கிடந்து பெறும் விருந்து, இம்மக்கள் விடியற்போதிற் பனையோலைக் குடையில் இட்டுத் தரும் சோற்றுக்கு ஈடாகாது என்பது புலவர் துணிபு.

பாட்டின் பொருளை விளக்கி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சேர், இந்தப் பழமெல்லாம் எங்கட பற்றைக்குள்ளயும் நிக்குது” என்றான். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எங்கட ஆச்சி நாவற்பழத்தைச் சாடியில போட்டு வைக்கிறவ. ஆனா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு சொல்லுறவ.”

அந்த ஆச்சியை நான் பின்னர் சென்று கண்டேன். முள்ளிவாய்க்காலிலே, நந்திக்கடலின் உப்புக் காற்று படும் ஒரு சிறு வீடு. மூலையிற் பழந்துணியால் வாய் கட்டப்பட்ட ஒரு மண்சாடி. நாவற்பழத்தைப் பிசைந்து, சீனி சேர்த்து, ஊறவைத்து வடிக்கும் பக்குவத்தை அவர் தம் இளம்பிராயத்திலே கடற்கரையோரக் கத்தோலிக்க வீடொன்றிற் சமையல் வேலை செய்தபோது கற்றாராம். நத்தார்ப் பண்டிகைக்கென்று அவ்வீட்டார் ஆக்கிய பழமது அது. இவர் வீட்டிலோ அது வயிற்று நோவுக்கு மருந்து. ஆண்டுக்கு இரண்டு போத்தல். எனக்கு அதனைக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி அவர் கேட்டார்: “தம்பி, இது களவோ? பொலிசுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

போரிலே பிள்ளைகளை இழந்த மூதாட்டி ஒருவர், தாமே பொறுக்கிய பழத்தைத் தம்முடைய சாடியில் ஊறவைத்ததற்காக ஓர் ஆசிரியனிடம் கெஞ்சி நிற்கிறார். அவருக்கு விடை சொல்ல எனக்கு உடனே நா எழவில்லை. காட்டுக் கனி எப்போது அரசின் உடைமை ஆயிற்று? வீட்டுச் சாடி எப்போது குற்றத்தின் சான்று ஆயிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

*

முதலிற் காட்டைப் பார்ப்போம்.

வன்னியை வறண்ட நிலம் என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஆனால் அதன் இடப்பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. பழைய வன்னிப் பிரிவுகளுள் ஒன்றுக்குக் கருநாவற்பற்று என்பது பெயர். ஒரு நிர்வாகப் பிரிவே ஒரு பழமரத்தின் பெயரைத் தாங்கி நின்றது! வவுனியாப் பக்கத்தில் ஈச்சங்குளமும் நாவற்குளமும் இலுப்பைக்குளமும் உள்ளன. மன்னார்க் கரையில் இலுப்பைக்கடவை உளது. மன்னர் கொடுத்த பெயர்களாக இவை தோன்றவில்லை. பசித்து நடந்தவர், எந்த மரத்தடியில் என்ன கிடைக்கும் என்பதை அடுத்து வருவோர்க்குக் குறித்துவைத்த பெயர்கள் என்றே இவற்றைக் கொள்ளத் தோன்றுகிறது.

சோளகக் காற்று வீசும் காலம் வன்னிக் காட்டின் கனிக்காலம். பாலைமரம் மஞ்சள் நிறச் சிறுகனிகளைச் சொரியும். அதன் இனிப்பு மிகுதி. பாற்பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வீரைமரத்திற் செந்நிறப் பழங்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். பாலையும் வீரையும் பழுத்தால் கரடியும் தேடி வரும். ஆகவே பழம் பொறுக்கப் போவது விளையாட்டன்று. பற்றைகளிற் சூரையும் களாவும் ஈச்சும்; குளக்கட்டுகளிலே நாவல்; ஊரெல்லையில் விளாவும் நறுவிலியும். இவற்றைப் பொறுக்கிப் பெட்டியிற் சுமந்து சந்தியிலே விற்கும் பெண்களுக்கும் சிறுவர்க்கும் அவ்விரண்டு மாதங்கள் அரிசிக்கும் பாடக் கொப்பிக்கும் காசு தரும் மாதங்களாகும்.

காட்டு முந்திரிகை உண்டா என்று கேட்பீர்கள். ஈழத்தமிழில் முந்திரிகை என்றால் கொடியிற் காய்க்கும் பழந்தான். தமிழகத்தார் முந்திரி என்பதை நாம் மரமுந்திரிகை என்போம். மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் தானே வளரும் காட்டு முந்திரிகை எங்கள் பற்றைகளில் இல்லை. இருப்பது அதன் ஏழை உறவினள், பிரண்டை. தாவரவியலார் பிரண்டையை முந்திரிகைக் குடும்பத்திற்றான் வைக்கின்றனர். அதன் சிறு செங்கனி பார்வைக்கு முந்திரிகை போலவே இருக்கும். ஆனால் வாயில் வைத்தால் அரித்தெடுக்கும். எந்தப் பழத்தைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் அறிவு புத்தகத்திற் பிறந்ததன்று. தலைமுறை தலைமுறையாகப் பெண்களும் சிறுவரும் காட்டில் நடந்து, சுவைத்து, சில வேளை நோயுற்றுச் சேர்த்த அறிவு அது. அறிவென்று அதனை ஒருவரும் மதித்தாரில்லை. அதற்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை.

*

இனிச் சாடிக்கு வருவோம்.

சங்க காலத்துத் தமிழர் மதுவை அறிந்திருந்தனர் என்பது மாணாக்கர்க்குப் புதிய செய்தியன்று. கள், நறவு, தேறல், பிழி, தோப்பி, மட்டு எனச் சொற்கள் பல. ஆயின் அவற்றுள் வர்க்க வேறுபாடு பொதிந்திருப்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர அவன் அருந்தும் காட்சியைக் காட்டுகிறார். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தமை அப்பாட்டுக்கு மண்ணே தந்த உரை எனலாம். அது முந்திரிகை மது, கடல் கடந்து வந்த மது, வேந்தன் மது.

மக்கள் மது வேறு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வீட்டிலே ஆக்கிய கள் என்னும் பொருளிலேயே ஒரு தொடர் வருகிறது. அந்நூல் ஆக்கும் முறையையும் கூறுகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற பிழாவிலே ஆற்றி, இடித்த நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். நெல்முளை மாவை இனிப்பாக்கும். இனிப்பைச் சாடி மதுவாக்கும். இன்று பியர் வடிக்கும் ஆலைகள் பின்பற்றும் அடிப்படை விதியும் இதுவே. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் முற்றவைத்த தேன்தேறலைக் குறிப்பிடுகின்றன. ‘பிழா’ என்ற சொல்லைப் படிக்குந்தோறும், பனையோலையாற் கோலிக் கள்ளருந்தும் நம்மூர்ப் ‘பிளா’ என் நினைவில் எழுகிறது.

அரிசி, தேன், பனை என்னும் மூன்றுமே நம் முன்னோரின் மதுமூலங்கள். காட்டுப்பழத்தைச் சாடியிலிடுவது தமிழரிடையே பெருவழக்காக இருந்ததென்று நான் சாதிக்க வரவில்லை. பழம் கள்ளுக்குத் துணையாயிற்று என்பதே 177ஆம் பாடல் தரும் செய்தி. வேறு நாடுகளில் அதுவே மூலமாயிற்று. சீனத்தின் ஜியாகுவிற் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான பானைகளில் அரிசியும் தேனும் பழமும் சேர்ந்து புளித்த பானத்தின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. ஜோர்ஜியாவில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே முந்திரிகை மது ஆக்கப்பட்டமை 2017இல் வெளியான ஆய்வொன்றால் உறுதியாயிற்று. அங்கே மண்ணிற் புதைத்த பெருஞ்சாடியிலே மது ஆக்கும் குடியானவர் மரபை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் மரபுரிமையாகப் பட்டியலிட்டது. அங்கே சாடி மரபுரிமை. இங்கே சாடி தடயப்பொருள்!

அந்தச் சாடிக்குள் நடப்பது என்ன? கனியின் தோலிலும் காற்றிலும் மதுவம் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வாழ்கிறது. பழம் நசுங்கிச் சாறு வெளிப்பட்டதும் அது வெல்லத்தை உண்டு பெருகுகிறது. 100 கிராம் வெல்லம் முற்றாக நொதித்தால், கணக்குப்படி ஏறக்குறைய 51 கிராம் மதுசாரமும் 49 கிராம் காபனீரொட்சைட்டும் விளையும். சாடியில் நுரை கிளம்புவது அவ்வாயுவினாலே. வாயை இறுக அடைத்தாற் சாடி வெடிக்கும். முற்றாகத் திறந்துவிட்டால் வேறொரு நுண்ணுயிர் புகுந்து மதுவைக் காடியாக்கும். ஆகவேதான் ஆச்சி துணியாற் கட்டுகிறார்; நுரை அடங்கியபின் வடித்துப் போத்தலில் அடைக்கிறார். நாவலில் இனிப்புக் குறைவு, துவர்ப்பு மிகுதி; ஆகவே சீனி சேர்க்கிறார். பனங்கள் சில மணி நேரத்திலே பொங்குகிறது. பழச்சாறு வாரக்கணக்கில் அடங்கி அடங்கித் தெளிகிறது. இந்நிகழ்ச்சி உயிரினத்தின் செயல் என்பதை லூயி பாஸ்ரர் 1857 முதல் ஆய்ந்து நிறுவி, 1866இல் மதுவைப் பற்றித் தனி நூலே எழுதினார். விஞ்ஞானி காரணத்தைக் கண்டார். காரியத்தைக் கண்டவர்களோ பெயரற்ற பெண்கள்.

*

இனி நம் வினாக்களுக்கு விடை காண்போம்.

போத்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கினர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று இன்றும் நம் நாவில் உள்ளது, தவறணை. மதுக்கடையைக் குறிக்கும் அவர்களது சொல்லே தமிழில் அவ்வாறு திரிந்தது. சொல்லோடு முறையும் வந்தது. முன்னர் மரத்தடியிலும் வீட்டு முற்றத்திலும் இருந்த பானம், குறித்த இடத்திற் காசுக்கு விற்கும் சரக்காயிற்று. ஒல்லாந்தர் சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணம் பெற்றனர். 1795இல் யாழ்ப்பாணத்தையும் அடுத்த ஆண்டிற் கொழும்பையும் கைப்பற்றிய ஆங்கிலேயர் அக்குத்தகை முறையைக் கைவிடவில்லை; மேலும் செம்மையாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சாராயக் குத்தகை அரசாங்க வருவாயின் பெருந்தூண்களில் ஒன்றாய் நின்றது. குத்தகைக்காரர் சிலரிடம் குவிந்த பணமே பின்னர் தோட்டங்களாகவும் காரீயச் சுரங்கங்களாகவும் கொழும்பு மாளிகைகளாகவும் மாறியது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இக்காலத்திற் பிறந்த இரண்டு சட்டங்களை நம் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். காடு, தரிசு, குடியேறாத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியன என்று அது விதித்தது. உறுதிப் பத்திரம் இல்லாத மக்களே, காலங்காலமாகப் பழம் பொறுக்கிய காட்டில் தமக்கு உரிமை உண்டென்று நிரூபிக்க வேண்டியவராயினர். அரசு எதனையும் நிரூபிக்க வேண்டியதில்லை! கோப்பித் தோட்டங்களுக்கு மலைநாட்டு நிலம் வேண்டியிருந்த காலம் அது என்பதை மறவாதிருப்போம். பின்னர் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டம் காட்டு விளைபொருளின்மேல் அரசின் பிடியை இறுக்கியது.

இரண்டாவது, 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம். அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் ஆக்குவதும் விற்பதும் குற்றமென்று அது விதித்தது. திருத்தங்கள் பல பெற்று இன்றும் நடைமுறையில் இருப்பது இச்சட்டமே. முதலாவது சட்டம் கனியைக் கொண்டது. இரண்டாவது சட்டம் சாடியைக் கொண்டது. ஆச்சியின் அச்சத்துக்கு வயது நூறுக்கு மேலாயிற்று.

மக்களின் உடல்நலம் கருதிச் செய்த சட்டந்தானே என்று சிலர் கூறலாம். அவ்வாறாயின் அதே அரசாங்கம் கள்ளுக்கும் சாராயத்துக்கும் வெவ்வேறு கடைகள் வகுத்து, நாடெங்கும் புதிய தவறணைகளைத் திறக்க முற்பட்டது ஏன்? இதனை எதிர்த்தே 1912இல் மதுவிலக்கு இயக்கம் கொழுந்துவிட்டெரிந்தது. 1915 கலவரத்தின்போது அவ்வியக்கத் தலைவர் பலர் சிறையிடப்பட்டனர். தடுக்கப்பட்டது குடியன்று, வரி செலுத்தாத குடியே தடுக்கப்பட்டது.

ஆண்டவரின் சொந்த நாட்டையும் ஒரு கணம் நோக்குவோம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே வேலியோரக் காட்டுப்பழங்களைப் பொறுக்கி வீட்டில் மது ஆக்குவது குடியானவப் பெண்களின் பருவகால வேலையாக இருந்தது. சமையற் குறிப்பு நூல்களில் அதற்குத் தனி அத்தியாயம் உண்டு. வீட்டுப் பியருக்கு 1880இல் விதித்த அனுமதிப்பத்திர முறையையும் 1963இல் நீக்கிவிட்டனர். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவிய போதும், பழச்சாற்றை வீட்டிலே ஆக்கிக்கொள்ளச் சட்டத்தில் ஒரு சிறு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது.

இந்தியாவிலோ மறுபக்கம். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை’ என்பது நம் பழமொழி. மத்திய, மேற்கு இந்தியாவின் ஆதிவாசிகள் அவ்விலுப்பை இனப் பூவைப் பொறுக்கி உலர்த்தி உணவாக்கினர். ஊறவைத்து மதுவும் வடித்தனர். 1878ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வடிக்கும் உரிமையைப் பெருங்குத்தகைக்காரர் கைக்கு மாற்றியது. அதன்பின்னும் மக்கள் பூவைச் சேர்த்து வைத்தமையால், 1892இற் பூவைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையுமே கட்டுப்படுத்தத் தனிச்சட்டம் பிறந்தது. மரத்திலிருந்து தானாக உதிர்ந்த பூவைப் பொறுக்கினாற் குற்றம்! பஞ்சத்தில் அப்பூவே அவர்களின் சோறு என்பது ஆட்சியாளர் கணக்கில் ஏறவில்லை.

இவ்விடத்தில் வரலாறு ஒரு பாடம் புகட்டுகிறது. 1922இல் தென் குஜராத்து ஆதிவாசிகள் தேவி ஒருத்தி ஆணையிட்டதாகக் கூறித் தாமே மதுவைத் துறந்தனர். டேவிட் ஹார்டிமன் 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டுவது போல, அது வெறும் பக்தியன்று. தம்மைக் கடனில் அமிழ்த்திய மதுக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து மீளும் போராட்டம். தமது சாடி பறிக்கப்பட்டபின், பிறன் கடையிற் குடிப்பது அடிமைத்தனம் என்பதை எழுத்தறியா மக்கள் கண்டுகொண்டனர். ஆகவே மதுவை வடிப்பதும் மதுவை மறுப்பதும் இரண்டுமே சில சமயங்களில் விடுதலைக் குரலாகலாம். யார் ஆக்குகிறார், யார் விற்கிறார், இலாபம் யாருக்கு என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

*

நம் மண்ணில் இக்கேள்விகளின் சுமையைத் தாங்கியவர் சீவற்தொழிலாளர். விடியுமுன் தளைநார் பூட்டி, பாளைக்கத்தியுடன் நாளுக்கு எத்தனையோ பனைகளில் ஏறி இறங்கியவர் அவர்கள். கள்ளை அருந்திய கைகள் அவர்களைத் தீண்டவில்லை. தேநீர்க் கடையில் அவர்களுக்கு வேறு குவளை. கோயில் வாசல் அடைத்திருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் இவ்வநீதியின்மீது விழுந்த அடிகள். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) அப்போராட்ட காலத்தின் இலக்கியச் சான்று.

மதுவிலக்கைப் போதித்த யாழ்ப்பாணக் கனவான்கள், மரமேறியின் பிள்ளை என்ன உண்பான் என்று கேட்டாரில்லை. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் மதுவிலக்கு முயற்சியை வாழ்த்திப் பேசினார். அதன் நோக்கம் நன்றே. எனினும் தொழிலை இழப்பவனுக்கு மாற்றுத் தொழில் என்ன என்ற கேள்வி எஞ்சியே நின்றது. 1970களின் முற்பகுதியிற் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, கள்ளின் விலையில் ஒரு பங்கு ஏறியவன் கைக்கே சேர வழி திறந்த போதுதான், குத்தகைக்காரன் இல்லாமலும் இத்தொழில் நடக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது.

பழமதுவுக்கும் வடக்கில் ஒரு வரலாறு உண்டு. வலிகாமத்துத் தோலகட்டியில் 1928இல் பீ. ஏ. தோமஸ் அடிகள் செபமாலைத் துறவியர் சபையை நிறுவினார். செபமும் மௌனமும் உடலுழைப்பும் அவர்கள் வாழ்வு. முந்திரிகை இரசமும் மதுவும் நெல்லி இரசமும் அவர்கள் ஆக்கினர். ‘தோலகட்டி நெல்லிரசம்’ அறியாத யாழ்ப்பாணத்து வீடு இல்லை எனலாம். 1990க்குப் பின் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கத் துறவியரும் ஊராரைப் போலவே இடம்பெயர்ந்தனர். எனினும் ஒன்று கவனத்திற்குரியது. பழத்தை நொதிக்கவைக்கும் தொழில் நேர்மையாகவும் தூய்மையாகவும், பலர் கூடி உழைத்துப் பயனைப் பகிர்ந்தும் நடத்தக்கது என்பதை இம்மடம் காட்டிற்று. மடத்தில் நடந்த ஒன்று ஊரில் ஏன் நடக்கலாகாது?

*

முள்ளிவாய்க்காலைப் பற்றி எழுதும் எவனும் 2009ஐத் தாண்டிச் செல்ல இயலாது. அவ்வாண்டு தை முதல் வைகாசி வரை, கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட இம்மணற்றிடலில் இலட்சக்கணக்கான மக்கள் நெருக்கப்பட்டனர். 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. அந்நாட்களில் உயிர்காத்த உப்புக்கஞ்சியை ஆண்டுதோறும் வைகாசியில் நாம் மீண்டும் காய்ச்சி, சிரட்டையில் ஏந்தி நிற்கிறோம். ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் உப்பும் எவ்வாறு ஒரு மக்களின் வரலாற்று ஆவணம் ஆகும் என்பதை அக்கஞ்சி உலகுக்கு அறிவித்தது.

ஆயின் அன்று அழிந்தவை உயிர்களும் வீடுகளும் மட்டுமல்ல. எறிகணையில் தலையிழந்த பனைகள் எத்தனை! காட்டு வழிகளில் மிதிவெடிக்குப் பயந்து சிவப்புப் பலகைகள் நின்ற ஆண்டுகள் எத்தனை! பலர் 2012 வரை முகாமில் இருந்தனர். அந்த ஆண்டுகளிற் பாலைமரத்தடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, இது தின்னலாம், அது தின்னலாகாது என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. சொல்ல வேண்டிய பாட்டிகளுட் பலர் உயிரோடில்லை. பொறுக்கும் அறிவின் சங்கிலியில் ஒரு தலைமுறைக் கண்ணி அறுந்துபோயிற்று. மீண்டு வந்தோர், தாம் முன்னர் நடமாடிய காட்டோரங்களில் எல்லைக் கற்களைக் கண்டனர். 1840இன் சட்டம் புதிய சீருடையில் மீண்டும் எதிரே நின்றது.

மறுபுறம், போர் ஓய்ந்த மண்ணில் மதுக்கடைகள் வந்தன. அவற்றின் விலைக்கு எட்டாதவர்க்குப் பற்றைக்குள்ளே கசிப்பு வந்தது. சீனியும் மதுவமும் கரைத்த கோடாவைத் தகரப் பீப்பாயிற் புளிக்கவைத்து, அவசரமாய்க் காய்ச்சி வடிப்பது கசிப்பு. ஆச்சியின் சாடியோடு அதனை ஒன்றாக எண்ணலாகாது. ஊறிய பழமது தன் வலிமைக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளும். மதுசாரம் நூற்றுக்குப் பதினைந்தை அணுகும்போது மதுவம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். தீயில் வடிப்பது அவ்வெல்லையைக் கடந்தது. அழுக்கும் கலப்படமும் சேர்ந்தால் நஞ்சாவது. கசிப்பாற் சீரழிந்த குடும்பங்களை நான் அறிவேன். தகப்பன் குடித்துக் கிடக்க, நுண்கடன் தவணைக்காரன் வாசலில் நிற்க, பள்ளிக்கு வராது நின்றுவிட்ட என் மாணவனின் வெற்று இருக்கையை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

“இப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு பழமதுவின் பெருமையை எழுதலாமா?” என்று நண்பரான ஆசிரியர் ஒருவர் என்னைக் கடிந்தார். அவர் கோபம் நியாயமானது. என் விடை இதுவே. நான் எழுதுவது மதுவின் பெருமையை அன்று. குடியை நான் போற்றவில்லை. என் மாணவர்க்கு அதனை ஒருபோதும் பரிந்துரையேன். ஆனால் கசிப்பு நம் மரபின் விளைவன்று. மரபு பறிபோனதன் விளைவு. காட்டையும் தொழிலையும் இழந்தவனுக்கு எஞ்சியிருப்பது கவலை. அக்கவலையை மலிவாக விற்கத் தெரிந்தவனுக்குக் கிடைப்பது இலாபம். சட்டம் ஆச்சியின் சாடியைத் தேடுமளவு, பீப்பாயின் பின்னால் நிற்கும் முதலைத் தேடுவதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. காட்டோர ஊர்களுக்குப் பழம் பொறுக்கும் உரிமை எழுத்தில் வேண்டும். பெண்களின் கூட்டுறவுகள் நாவலையும் பாலையையும் பாகாகவும் இரசமாகவும் காடியாகவும் ஆக்கி விற்கப் பயிற்சியும் உரிமமும் வேண்டும். சிறு உற்பத்தியாளனையும் பெருமுதலாளியின் வடிசாலையையும் ஒரே தராசில் நிறுக்காத சட்டம் வேண்டும். பாடசாலையிலே விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்கு நடக்க வேண்டும்.

கடைசியானதைச் செய்ய எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ஆவணி பிறந்ததும் நாங்கள் நடந்தோம். ஆச்சியும் வந்தார். முப்பது பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நின்று பதின்மூன்று பழங்களின் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டனர். அவற்றுள் மூன்றின் பெயர் எனக்கும் புதிது. பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றவன் நான்! பிரண்டைக் கனியைக் காட்டி, “இதை வாயில வைக்கப்படாது பிள்ளையள்” என்று அவர் எச்சரித்தபோது அவர் குரலிலே முன்னைய அச்சம் இல்லை; ஓர் ஆசிரியையின் கண்டிப்பு இருந்தது.

திரும்பும் வழியில் அவரது பழைய வினாவுக்கு நான் விடை சொன்னேன். “ஆச்சி, நீங்கள் களவெடுக்கேல்லை. உங்களிட்டயிருந்துதான் களவெடுத்தவை.”

அவர் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த நாவற்பழங்களிற் பெரியதொன்றைத் தெரிந்தெடுத்து, துடைத்து, என் கையில் வைத்தார்.